பப்பின் பின்னறையில் புது ஓபரா: யாருக்காக?

பிப்ரவரி 9, 2025. இழையைத் தொடங்கிய வாசகர்:

போன வாரம் லண்டனில் ஒரு பப்பின் பின்னால் இருக்கிற சின்ன அரங்கில் புது ஓபரா ஒன்று பார்த்தேன். எழுபது நாற்காலி, ஒரு பியானோ, மூன்று பாடகர்கள். இரண்டாவது வரிசையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலத்தில்தான் பாடினார்கள், ஒரு சொல் புரியவில்லை. ஓபரா என்றால் பெரிய அரங்கு, பெரிய வாத்தியக்குழு, பெரிய குரல். அதை இப்படிச் சுருக்கிப் போடுவது தேரை மாட்டுக்கொட்டகைக்குள் இழுக்கிற மாதிரி. போடுகிறவர்கள் ஆசைக்குப் போடுகிறார்கள், பார்க்கிறவனுக்காக இல்லை. இல்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

பிப்ரவரி 9, இரவு 11.40

நான் சொல்கிறேன். பதினோரு வருஷமாக இந்த மாதிரி அறைகளில் கடைசி வரிசைக்குப் பின்னால் மடிக்கணினியோடு உட்கார்ந்து சர்டைட்டில் தள்ளுகிறவள் நான். மேடைக்கு மேலே பாட்டின் சொற்கள் வரிவரியாக ஓடுமே, அது. பகலில் கணக்கெழுதும் வேலை. அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சுருக்கி" என்று எழுதியிருக்கிறீர்கள். பூசினியின் ஓபராவைப் பியானோவோடு போட்டால் அது சுருக்கம், ஒப்புக்கொள்கிறேன். புதிதாக எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் சின்ன அறையை மனதில் வைத்துத்தான் எழுத உட்காருகிறார்கள். இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. பெஞ்சமின் பிரிட்டன் (நாடு இல்லை, ஆள்) 1954இல் வெனிஸில் மேடையேற்றிய 'தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ'வுக்கு வாத்தியக்காரர்கள் 13 பேர்தான். அந்தப் பேய்க்கதைக்கு அறுபது பேர் வாசித்தால் பேய் ஓடிவிடும். பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ் 1969இல் செய்த 'எய்ட் சாங்ஸ் ஃபார் எ மேட் கிங்'கில் ஒரே ஒரு பாடகர், ஆறு வாத்தியக்காரர்கள். பைத்தியம் பிடித்த ராஜா வாத்தியக்காரர் கையிலிருந்து வயலினைப் பிடுங்கி உடைப்பார். அதாவது ஒரு இரவுக்கு ஒரு வயலின். கணக்கெழுதுகிறவளுக்கு அந்தக் காட்சியில்தான் நெஞ்சு அடைக்கும்.

1995இல் தாமஸ் அடெஸ், அப்போது வயது 24, லண்டன் அல்மெய்டா அரங்கில் முதன்முதலாகப் போட்ட 'பவுடர் ஹர் ஃபேஸ்': பாடகர்கள் 4, வாத்தியக்காரர்கள் 15. இன்றைக்கு அது எத்தனையோ நாடுகளுக்குப் போய்விட்டது.

இதெல்லாம் தேர் இல்லை ஐயா, சப்பரம். சந்துக்குள் போவதற்கென்றே செய்தது.

பிப்ரவரி 10, காலை, ரயிலில்

திருத்தம். 'பவுடர் ஹர் ஃபேஸ்' முதலில் மேடையேறியது செல்ட்டனம் விழாவில், ஜூலை 1995. எழுதச் சொன்னதும் தயாரித்ததும் அல்மெய்டா ஓபரா. லண்டனுக்கு அப்புறம்தான் வந்தது. ஒருவர் தனிச்செய்தியில் குட்டினார். குட்டு வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 10, மதியம்

நேற்று ராத்திரி சப்பரம், சந்து என்று பேசிவிட்டு உங்கள் காது விஷயத்தில் நழுவிவிட்டேன். அதில் நீங்கள் சொன்னது சரி.

ஓபராக் குரல் மைக் இல்லாமல் பாடப் பழக்கிய குரல். இரண்டாயிரம் பேர் உட்கார்ந்த அரங்கில், வாத்தியக்குழுவைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். அதற்கு இவர்கள் செய்கிற உபாயம் வெறும் சத்தத்தைக் கூட்டுவது இல்லை. பயிற்சி பெற்ற குரலில் 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு செறிவு உண்டாகிறது. வாத்தியக்குழுவின் ஒலி அந்த இடத்தில் மெலிந்திருக்கும், மனிதக் காது அதே இடத்தில் மிகக் கூர்மையாக இருக்கும். அந்த இடுக்கு வழியாகக் குரல் ஊசி மாதிரி வெளியே வந்துவிடும். ஆண் குரல்களில் இது நன்றாகத் தெரியும். சோப்ரானோவுக்கு, அதாவது பெண் குரல்களில் மிக உயர்ந்ததற்கு, உயர்ந்த ஸ்வரங்களின் பலமே போதும்.

இப்போது அந்த ஊசியை எழுபது நாற்காலி அறைக்குள் கொண்டுவாருங்கள். குத்திக்கொண்டு போக அங்கே வாத்தியக்குழு இல்லை, நாம்தான் இருக்கிறோம். பக்கத்தில் நின்று முழுக்குரலில் பாடினால் 100 டெசிபெல்லைத் தாண்டும்.

சரி, குறைத்துப் பாடலாமே என்பீர்கள். முழுக்குரலில் பாடுவதைவிட அது கஷ்டம். எடை தூக்கப் பழகினவனிடம் ஒரு தட்டு நிறைய முட்டையைக் கொடுத்து எண்பது நிமிஷம் நடந்து காட்டு என்பது போல. போதாததற்கு இந்த அறைகளில் சுவர் முழுக்கக் கறுப்புத் திரை. அது ஒலியைக் குடித்துவிடும். பாடுகிறவருக்குத் தன் குரல் திரும்பி வராது. வராததால் இன்னும் அழுத்துவார். இரண்டாவது வரிசையில் நீங்கள் காதைப் பொத்துவீர்கள்.

ஆறு அடி தூரத்தில் கிசுகிசுப்பாக ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தத் தெரிந்த பாடகிகளும் இருக்கிறார்கள். அது அமைந்த இரவில் பெரிய அரங்கில் ஒருபோதும் கிடைக்காத ஒன்று கிடைக்கும். மூச்சு உள்ளே போகிற சத்தமே கேட்கும். ஆனால் அது தினம் அமைவதில்லை. முதல் பதிவில் நான் அமைந்த இரவுகளை மட்டும் எண்ணிப் பேசிவிட்டேன்.

பிப்ரவரி 12

"ஆங்கிலத்தில் பாடுவதற்கு ஆங்கிலத்திலேயே மேலே வரி எதற்கு? பாடகர்களுக்கு உச்சரிப்பு தெரியாதா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். என் பிழைப்பில் கை வைக்கிறார்.

கேள்வி பழையது. மேடைக்கு மேலே வரி ஓட்டும் பழக்கத்தை முதலில் தொடங்கியது டொராண்டோவில் கனடியன் ஓபரா கம்பெனி, 1983இல், 'எலெக்ட்ரா'வுக்கு. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பாடுகிற இங்கிலீஷ் நேஷனல் ஓபரா 2005இல்தான் இறங்கி வந்தது. பெரிய சண்டை நடந்தது. ஆனால் சோப்ரானோ மேல் ஸ்தாயிக்குப் போனதும் ஆவும் ஈயும் ஒன்றாகிவிடும், அதற்கு உச்சரிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. உயிரெழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற வாயறை அதிர்வைவிடப் பாடுகிற ஸ்வரமே மேலே போய்விடுகிறது. அதற்கப்புறம் எந்த ஆசிரியராலும் ஒன்றும் செய்ய முடியாது. அனுபவமுள்ள இசையமைப்பாளர் முக்கியமான சொல்லை நடு ஸ்தாயியில் வைப்பார். முதல் ஓபரா எழுதுகிறவர் கதையே தொங்குகிற அந்த ஒரு சொல்லைக் கொண்டுபோய் உச்சாணிக் கிளையில் வைப்பார். வருஷத்துக்கு ஒருவராவது இதைச் செய்கிறார்.

இதில் என் பாவமும் உண்டு. ஒரு புது ஓபராவில் ஒரு நகைச்சுவைக் காட்சி. கணவன் ஒரு கேள்வி கேட்பான், நாலு தாளம் மௌனம், மனைவி ஒரே சொல்லில் பதில் சொல்வாள். கேள்வியையும் பதிலையும் நான் ஒரே தகட்டில் (ஒரு தடவை தள்ளினால் மேலே தெரிகிற வரிகளைத் தகடு என்போம்) போட்டிருந்தேன். அவள் வாய் திறக்கும் முன்பே அரங்கம் சிரித்து முடித்துவிட்டது. சிரிப்புக்கு நடுவே அவள் அந்தச் சொல்லைப் பாடினாள், செத்த பாம்பை அடிக்கிற மாதிரி. இடைவேளையில் வந்து, "இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த நகைச்சுவையை நீ ஒரு விரலில் சொல்லிவிட்டாய்" என்றாள். அன்றிலிருந்து சிரிப்பு வருகிற இடத்துக்கு முன்னால் ஒரு வெற்றுத் தகடு வைப்பேன். கறுப்பாக, ஒன்றும் எழுதாமல். என் வேலையில் கஷ்டமான பகுதி அந்த ஒன்றும் இல்லாத தகட்டை எப்போது தள்ளுவது என்பதுதான்.

பிப்ரவரி 15

பணம் பற்றி எழுதுங்கள் என்கிறார்கள். நான் கணக்குக்காரி, எழுதாமல் இருப்பேனா.

80 நாற்காலி. டிக்கெட் 20 பவுண்டு. புது ஓபராவுக்கு 60 சதவீதம் நிரம்பினால் கொண்டாட்டம். ஆக ஒரு இரவுக்கு 48 பேர், 960 பவுண்டு. ஐந்து இரவுக்கு 4,800. இதில் அரங்கின் பங்கு அல்லது வாடகை முதலில் போகும். மீதியில் மூன்று பாடகர்கள், ஐந்து வாத்தியக்காரர்கள், நடத்துநர், இயக்குநர், ஒளியமைப்பாளர், ஸ்டேஜ் மேனேஜர். பன்னிரண்டு பேர். என்னைச் சேர்க்கவில்லை. எனக்கு ஒரு பியர்.

வாடகையே இல்லை என்று வைத்தாலும் தலைக்கு 400 பவுண்டு. மூன்று வாரம் ஒத்திகை, அதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து ஸ்வரம் ஸ்வரமாக மனப்பாடம். இதை "லாபப் பங்கு" ஒப்பந்தம் என்பார்கள். லாபம் எங்கே என்று கேட்கக் கூடாது.

நிதியுதவி வாங்கலாம். ஆனால் 2022 நவம்பரில் இங்கிலீஷ் நேஷனல் ஓபராவுக்கே வருஷம் 12.6 மில்லியன் பவுண்டு மானியத்தை நிறுத்துவதாக, அரசுப் பணத்தைக் கலைகளுக்குப் பிரித்துத் தருகிற ஆர்ட்ஸ் கவுன்சில் அறிவித்தது. அப்புறம் ஓபராக்காரர்கள் சண்டை போட்டு, ஊர் மாறச் சம்மதித்து, ஒரு பகுதியைத் திரும்ப வாங்கினார்கள். பப்பின் பின்னறைக்கு என்ன கிடைக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 15, அரை மணி கழித்து

ஐந்து இரவு என்று ஏன் போட்டேன்? யாரும் ஐந்து இரவு தருவதில்லை. மூன்று அல்லது நான்கு. நான்கு என்றால் 3,840. தலைக்கு 320. கணக்குக்காரி என்று பீற்றிக்கொண்டதை வாபஸ் வாங்குகிறேன்.

பிப்ரவரி 16

"அப்படியானால் ஏன் புதிது? தெரிந்ததைப் போட வேண்டியதுதானே? கில்பர்னில் ஒரு பப் மாடியில் போட்ட பூசினியின் 'லா போயெம்' ஒலிவியே நாடக விருதே வாங்கியதே?"

வாங்கியது. காக் டேவர்ன் என்ற பப், 2009 டிசம்பரில் தொடங்கினார்கள், 2011இல் விருது. இரண்டாம் அங்கத்தில் கஃபே மோமுஸ் காட்சிக்குப் பார்வையாளர்களை நிஜமான பப்புக்கே இறக்கிவிடுவார்கள். அருமையான யோசனை. அதே கூட்டம் அப்புறம் இஸ்லிங்டனில் கிங்ஸ் ஹெட் பப்பின் பின்னறை அரங்கைப் பிடித்து அதையே குட்டி ஓபரா வீடாக்கியது. கிங்ஸ் ஹெட் பற்றி ஒரு குட்டிக்கதை: 1970இல் அதைத் தொடங்கிய டான் க்ராஃபோர்டு, நாடு தசம நாணயத்துக்கு மாறி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் பாரில் ஷில்லிங், பென்ஸ் கணக்கில்தான் விலை சொல்ல வைத்தார். 2024இல் அரங்கம் பின்னறையை விட்டுப் பக்கத்திலேயே புது இடத்துக்குப் போய்விட்டது. 200 பேர் உட்காரலாம். நாற்காலிகள் வசதி. பழைய இடத்தின் முதுகுவலியை நான் தேடவில்லை என்று சொன்னால் பாதிப் பொய்.

கேள்விக்கு வருகிறேன். பூசினி 1924இல் இறந்தார், காப்புரிமை முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. யாரும் போடலாம். பிரிட்டன் 1976இல் இறந்தார், ஆகவே 2046 முடிகிற வரை பதிப்பாளரிடம் மேடை உரிமை வாங்கி, வாத்தியத் தாள்களையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். நேற்று எழுதின ஓபராவுக்கு? எழுதினவர் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார், சம்பளம் இல்லாமல், பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு. உரிமைக் கணக்கில் மிக மலிவு புதிதுதான்.

ஆனால் பாடகருக்கு 'லா போயெம்' நாயகி மிமியின் பாட்டு கல்லூரியிலேயே தொண்டைக்குள் போய்விட்டது. ஒரு வாரத்தில் மேடையேற்றலாம். புதிதற்கு ஒலிப்பதிவு கிடையாது. கேட்டுப் பழக எதுவும் இல்லை. பியானோ சுருக்கத் தாள் மட்டும், அதுவும் தாமதமாக வரும், வந்த பிறகும் மாறும். மேடையேற இரண்டு நாள் இருக்கும்போது ஒரு முழுப் பாட்டையே வெட்டினார் ஒருவர். நாடகத்துக்கு அது நல்லதுதான். ஆனால் அதை ஆறு வாரம் மனப்பாடம் செய்திருந்த பாரிடோன் பாடகர் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் 38 தகடுகளை அழித்தேன்.

பிப்ரவரி 18

ஃபிரிட்ஜ் கதை. கேட்டவர் யார் என்று தெரியவில்லை, யாரோ எங்கோ சொல்லியிருக்கிறார்கள்.

பெயர் வேண்டாம், ஒரு பப் அரங்கு. அரங்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பாரின் பெரிய ஃபிரிட்ஜ். ஓபரா ஒரு இரவுப் பேருந்து ஓட்டுநரையும் கடைசி இரண்டு பயணிகளையும் பற்றியது. இசையமைத்தது ஓர் இளம்பெண். கடைசிக் காட்சியில் ஓட்டுநர் இன்ஜினை நிறுத்துவார். செல்லோ மட்டும் அடி ஸ்தாயியில் ஒரே ஒரு ஜி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிஷம் நிற்கும். மேலே பாடகி கிட்டத்தட்டப் பேசுகிற குரலில் பாடுவாள். தாளில் அழகாக இருந்தது.

மேடை ஒத்திகையில் செல்லோ தொடங்கியதும் எல்லாருக்கும் பல் கூசியது. செல்லோக்காரர் சுருதி பார்த்தார், சரியாக இருந்தது. மறுபடி தொடங்கினார், மறுபடி கூசியது. நடத்துநர் அவரை முறைத்தார். அவர் வில்லைக் கீழே வைத்தார். ஆனால் ஜி நிற்கவில்லை. சுவருக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.

இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், நம் ஊரைப் போலவே. மோட்டார்களின் முனகல் அதன் இரட்டிப்பில், 100 ஹெர்ட்ஸில் வரும். செல்லோவின் அந்த ஜி 98. இரண்டும் ஒன்றாக ஒலித்தால் நொடிக்கு இரண்டு தடவை வவ்-வவ் என்று அடிக்கும். நம் பாஷையில் சொன்னால், அந்த பப்பில் ஒரு சுருதிப்பெட்டி நிரந்தரமாக ஓடிக்கொண்டிருந்தது, நாம் அதற்குச் சேராமல் வாசித்துக்கொண்டிருந்தோம்.

செல்லோவை ஃபிரிட்ஜுக்கு ஏற்ப ஏற்றலாம் என்றார் ஒருவர். அப்படியானால் பியானோ? இசையமைப்பாளர் அழவில்லை, அதை நான் மெச்சினேன். கடைசியில் அந்த மூன்று நிமிஷத்துக்கு மட்டும் ஃபிரிட்ஜை அணைப்பது என்று பாரில் பேசி முடிவு செய்தோம். முதல் இரவு ஸ்டேஜ் மேனேஜர் ஓடிப்போய் அணைத்தார். அந்த அமைதியை நான் இன்னும் மறக்கவில்லை. அறுபது பேரும் தோளைத் தளர்த்தினார்கள், ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. அப்புறம் அதைத் திரும்பப் போட அவர் மறந்துவிட்டார். மறுநாள் காலை பார்க்காரர் முகத்தை நாங்கள் யாரும் பார்க்க வேண்டியிருக்கவில்லை, தொலைபேசியிலேயே தெரிந்தது. மீதி மூன்று இரவும் வவ்-வவ்வோடு நடந்தது.

ஓபரா எப்படி என்றால், சுமார். இரண்டாம் பாதி நீளம். பாட்டு வரிகளில் கவிதை ஜாஸ்தி, பேச்சு குறைவு. கடைசி மூன்று நிமிஷம் நல்லது.

பிப்ரவரி 21

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, இதெல்லாம் நம்ம ஊர் இசை நாடகம்தானே? இதற்கு எதற்கு இவ்வளவு அலட்டல்?"

நான் மதுரைக்குப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள். திருவிழாவுக்கு 'வள்ளி திருமணம்' கட்டாயம் உண்டு. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடிகிற வரை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு (பலவகைத் தாளக் கருவிகளை ஒருவரே வாசிப்பது) எல்லாரும் தனித்தனியாகப் பேசி அழைத்தவர்கள். சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் டீ குடிக்கும்போதுதான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. ஸ்பெஷல் நாடகம் என்று இதற்குப் பேர். நாரதரும் வள்ளியும் தர்க்கத்தில் இறங்கினால் யார் எந்தப் பாட்டை எடுப்பார், எந்தச் சுருதியில் எடுப்பார் என்று ஆர்மோனியக்காரருக்கு விரலில் தெரியும்.

எப்படி முடிகிறது? 'வள்ளி திருமணம்' எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் போய்விட்டார். அவர் பாட்டுகள் அதற்கப்புறமும் ஊர் ஊராக ஓடிக்கொண்டே இருந்ததால் முடிகிறது. நடிகருக்குத் தெரியும், வாத்தியக்காரருக்குத் தெரியும், முன்வரிசையில் முறுக்கு தின்கிற கிழவிக்கும் தெரியும்.

இங்கே நிலைமை நேர் எதிர். மேடையேறும் முதல் இரவு அந்த ஓபரா உலகத்தில் யாருக்கும் தெரியாது. நாலாவது இரவு பாடகர்களுக்கு அது உடம்பில் ஊறியிருக்கும். அன்றைக்கு முடித்துவிட்டுச் செட்டைக் கழற்றி வேனில் ஏற்றுவார்கள். 'வள்ளி திருமணம்' நாலு ராத்திரியோடு நின்றிருந்தால் அதற்கும் மூன்று வாரம் ஒத்திகை வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 22

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஊர் நினைவு வந்ததும் கொஞ்சம் கண் கலங்கிவிட்டேன் போல. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் பிழைப்பு அப்படி ஒன்றும் இனிப்பானது இல்லை. திருவிழா இல்லாத மாதங்களில் என்ன செய்வார்கள் என்று சின்ன வயதில் நான் கேட்டதே இல்லை.

ஆனால் சொல்ல வந்த விஷயத்தை விடவில்லை. இழையைத் தொடங்கியவர் அறை சின்னது என்றார். நான் முதலில் அறைக்காக வாதாடினேன், அப்புறம் காதை ஒப்புக்கொண்டேன், அப்புறம் பணத்தைப் பற்றிப் புலம்பினேன். இப்போது யோசித்தால் இது எதுவுமே முதல் குறை இல்லை. இரண்டாவது தடவை போட ஆள் இல்லை, அதுதான் குறை.

"உலக முதல் மேடையேற்றம்" என்று சுவரொட்டியில் போட்டால் விமர்சகர் வருவார், நிதி தருகிறவர் வருவார், இசையமைப்பாளரின் ஆசிரியர் வருவார். "மூன்றாவது மேடையேற்றம்" என்று போட்டுப் பாருங்கள். ஆகவே எல்லாரும் புதிது புதிதாகப் பெற்றுக்கொண்டே இருக்கிறோம், வளர்க்க ஒருவரும் இல்லை.

விழாக்களையும் இப்படித் திட்டலாமா என்று தெரியவில்லை. டெட் அ டெட் என்ற புது ஓபரா விழா 2007 முதல் நடக்கிறது. அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, காட்டு என்று இடம் கொடுக்கிறார்கள். டால்ஸ்டனில் அர்கோலா அரங்கு, இப்போது இருப்பது ஒரு பழைய பெயின்ட் தொழிற்சாலைக் கட்டடத்தில், அவர்கள் அதே 2007இல் தொடங்கியது கிரைம்போர்ன் விழா. கோடையில் பணக்காரர்கள் புல்தரையில் ஷாம்பெய்ன் குடித்துக்கொண்டு ஓபரா பார்க்கிற கிளைண்ட்போர்னை வைத்துச் செய்த கிண்டல் பெயர் அது, கிரைம் என்றால் அழுக்கு. இரண்டு இடத்திலும் ஆகஸ்ட் வெக்கையில் உட்கார்ந்து வேர்த்திருக்கிறேன். இவை இல்லாவிட்டால் முதல் தடவையே இருக்காது.

பிப்ரவரி 22, இரவு

"முதலில் அரைகுறையாகக் காட்டி அப்புறம் பெரிதான உதாரணம் ஒன்று சொல்லுங்கள்."

'ஜெர்ரி ஸ்பிரிங்கர்: தி ஓபரா', அமெரிக்கத் தொலைக்காட்சியின் சண்டை நிகழ்ச்சி ஒன்றை வைத்துச் செய்தது. 2001இல் பாட்டர்சீ ஆர்ட்ஸ் சென்டரில் துண்டுதுண்டாகப் போட்டுப் பார்த்தார்கள், 2002இல் எடின்பரோ, 2003இல் நேஷனல் தியேட்டர். அமெரிக்காவில் என்றால் டூ யுன் இசையமைத்த 'ஏஞ்சல்ஸ் போன்'. 2016இல் நியூயார்க்கில் புரோட்டோடைப் விழாவில், சின்ன இடத்தில் வந்தது. அடுத்த வருஷம் புலிட்சர் விருது.

ஜெர்ரி ஸ்பிரிங்கர் ஓபராவே இல்லை என்று யாராவது வரப்போகிறீர்கள். வேறு இழை திறந்துகொள்ளுங்கள்.

பிப்ரவரி 24

இழையைத் தொடங்கியவர் திரும்பி வந்திருக்கிறார்: "எல்லாம் சரி. என் கேள்வி அப்படியே இருக்கிறது. யார் பார்க்கிறார்கள்?"

பச்சையாகச் சொல்கிறேன். 48 பேரில் பாதி, பாடுகிறவர்களுக்குத் தெரிந்தவர்கள். நாலு பேர் மற்ற இசையமைப்பாளர்கள், கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார்கள். ஒருவர் இலவச டிக்கெட்டில் வந்து தூங்குவார். கொஞ்சம் பேர் உங்களைப் போல, பப்புக்கு வந்தவர்கள், என்னதான் இருக்கிறது என்று பார்ப்பவர்கள். அந்தக் கொஞ்சம் பேருக்காகத்தான் என் விரல் நடுங்கும். மற்றவர்கள் எப்படியும் மன்னித்துவிடுவார்கள்.

பதினோரு வருஷத்தில் 31 புது ஓபராவுக்குத் தகடு தள்ளியிருக்கிறேன், நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று தோன்றியவை நாலு. மீதி 27இல் பாதி திரும்ப வராமலிருப்பதே நல்லது. அந்த நாலில் ஒன்றுகூட இரண்டாவது தடவை மேடையேறவில்லை.

பிப்ரவரி 25

மேலே நான் சொன்னதை வைத்து ஒருவர், "31க்கு நாலு என்றால் இந்த முயற்சியே தோல்வி" என்று முடிவு கட்டிவிட்டார். ஏன்? 31 சினிமா பாருங்கள், இன்னொரு தடவை பார்க்க எத்தனை தேறும் என்று எண்ணுங்கள்.

மார்ச் 6

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்தேன்.

ஃபிரிட்ஜ் ஓபராவை வேறு ஊரில் போடுகிறார்கள். என் நாலில் அது இல்லை. "சுமார்" என்று இங்கேதான் எழுதினேன், அது அப்படியே இருக்கட்டும், அழிக்கவில்லை. இசையமைத்த பெண்ணே மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள்: பழைய சர்டைட்டில் கோப்பு இருக்கிறதா, வர முடியுமா, ரயில் கட்டணம் தருவோம். இரண்டாம் பாதியில் பதினொரு நிமிஷம் வெட்டியிருக்கிறாளாம். பழைய மூவரில் இரண்டு பேர் அப்படியே பாடுகிறார்கள். ஒத்திகை எட்டே நாள் போதும் என்றிருக்கிறாள், மறக்கவில்லையாம் அவர்கள்.

கோப்பைத் திறந்தேன். 412 தகடுகள். கடைசிக் காட்சியில் மூன்று வெற்றுத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. முதல் இரவு அவற்றை எப்படித் தள்ளினேன் என்று விரலுக்கு ஞாபகம் இருக்கிறது.

வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். கூடவே ஒரு கேள்வியும் கேட்டேன், அரங்குச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று. பதில் இன்னும் வரவில்லை.